பெயர் கூப்பிட்டால் பதில் வருகிறதா? – 'பிங்' பிறந்த கதை



விடிவதற்கு முன்பே பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் வழக்கம் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்தது. கங்காணி பெயரைச் சொல்வார். ஆள் வந்திருந்தால் குரல் வரும். குரல் வராவிட்டால் ஆள் இல்லை என்பது மட்டுமே தெரியும். காய்ச்சலா, வழியில் வெள்ளமா என்பதைப் பிறகுதான் விசாரிக்க வேண்டும். கணினி வலைகளில் பழுது தேடுகிறவர்களும் முதலில் செய்வது இதைத்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிங்'. அது எப்படிப் பிறந்தது என்பதை இன்று பார்ப்போம்.

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு வேலைகள் தொடங்கின. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் கணினி இயக்க முறையை உருவாக்கலாயினர். அதே ஆண்டில் தற்காப்பு அமைச்சின் செலவில் ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலை நான்கு இடங்களை இணைத்தது. அந்த வலை 1983 ஜனவரி முதல் தேதி டிசிபி-ஐபி என்னும் விதிமுறைக்கு மாறியது. இன்றைய இணையத்துக்கும் அடிப்படை அதுவே.

இந்த முறையில் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலமும் முகவரியைச் சுமந்துகொண்டு, பல இயந்திரங்களின் கை மாறிப் போய்ச் சேர்கிறது. போய்ச் சேராவிட்டால் குற்றம் யாருடையது? அனுப்பிய இயந்திரமா, கம்பியா, இடையில் நிற்கும் இயந்திரமா, வாங்க வேண்டியதா? எல்லாம் வாய் மூடி நிற்கும்போது எதைக் கழற்றிப் பார்ப்பது?

இதற்கு ஒரு வழி ஏட்டளவில் இருந்தது. 1981-இல் வெளியான விதியொன்றில் 'எதிரொலி' என்னும் ஏற்பாடு உண்டு. எதிரொலி கேட்டு ஒரு பொட்டலம் வந்தால், அதிலுள்ளதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில், அந்த எதிரொலியைக் கொண்டு பொட்டலம் போய்வரும் நேரத்தை அளந்ததாக டேவிட் மில்ஸ் என்னும் அறிஞர் பேச்சுவாக்கில் சொன்னார். அது மைக் மியூஸ் என்பவர் மனத்தில் தங்கிவிட்டது.

மேரிலாந்து மாநிலத்தில் உள்ள அமெரிக்கத் தரைப்படை ஆய்வுக்கூடத்தில் மியூஸ் வேலை பார்த்தார். அப்போது அவருக்கு வயது 25. 1983 டிசம்பரில் அங்கிருந்த வலை ஏதோ கோளாறு செய்தது. மில்ஸ் சொன்னது நினைவுக்கு வர, எதிரொலி கேட்கும் நிரல் ஒன்றை அவர் எழுதினார். அது ஓடவில்லை! யூனிக்ஸின் உட்பகுதியில் அதற்கு வேண்டிய வசதியே இல்லை. கோபத்தோடு உட்கார்ந்து அதையும் எழுதி முடித்தார். பொழுது விடிவதற்குள் எல்லாம் தயார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய முதல் பொட்டலம் புறப்படுவதற்குள் சக ஊழியர் ஒருவர் பழுதான கருவியைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார்!

நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதைக் கேட்கும் அல்லவா? அந்த ஓசையைத்தான் மியூஸ் தம் நிரலுக்குப் பெயராக வைத்தார். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதைப் பொதுவுடைமையாக விட்டார். 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸில் அது இடம்பெற்றது. அதன் பிறகு பரவாத இடமில்லை.

அதன் பயனைக் காட்ட ஒரு சம்பவம் போதும். ஓர் அலுவலகக் கட்டடத்தில் எங்கோ ஒரு கம்பி இணைப்பு விட்டு விட்டு அறுந்துகொண்டிருந்தது. பொறுப்பாளர் ஓர் உபாயம் செய்தார். பதில் வரும்போதெல்லாம் கணினி 'பிங்' என்று சத்தம் போடும்படி அமைத்து, ஒலிபெருக்கியை உரக்க வைத்தார். பிறகு கட்டடம் முழுவதும் நடந்து இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எந்த இணைப்பைத் தொட்டபோது சத்தம் நின்றதோ, அங்கே இருந்தது பழுது!

பிங் வந்து ஐந்தாண்டுகளுக்குள் வான் ஜேக்கப்சன் என்பவர் 'டிரேஸ்ரூட்' என்னும் நிரலை எழுதினார். பொட்டலம் செல்லும் பாதையில் எந்தெந்த இயந்திரங்கள் நிற்கின்றன என்று வரிசையாகக் காட்டுவது அது. ஆயினும் முதலில் கையிலெடுப்பது பிங்கைத்தான்.

மியூஸ் 2000 நவம்பரில் கார் விபத்தில் காலமானார். இவ்வளவு புகழ் வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

பழுது தேடும் ஒழுங்கையும் பிங்கின் கையேடு சொல்லியிருக்கிறது: அருகில் தொடங்கித் தூரம் போக வேண்டும். 127.0.0.1 என்பது எந்தக் கணினியும் தன்னையே அழைக்கும் எண். முதலில் அதை அழைக்க வேண்டும். அடுத்து வீட்டிலுள்ள இணையப் பெட்டி. அதன்பின் வெளியிலுள்ள இயந்திரங்கள். சில இயந்திரங்கள் பாதுகாப்புக்காகப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே வெளியே ஒன்றுக்கு இரண்டாக அழைத்துப் பார்ப்பது நல்லது. வீட்டுப் பெட்டி பதில் சொல்லி, வெளியே எதுவுமே பேசாவிட்டால், கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு அப்பால்தான். பிள்ளையின் கணினியைக் குறை சொல்லிப் புதிதொன்று வாங்க, அந்த மாதச் சம்பளத்தைத் தொட வேண்டியதில்லை.