ஜப்பானிய மடக்குத் தட்டி ஓவியங்கள்: பூ சொல்லும் பிரிவு

ஜப்பானில் 2004ஆம் ஆண்டு வெளியான 5000 யென் நோட்டின் பின்புறத்தில் ஒரு பூங்கூட்டம் அச்சாகியிருந்தது. 2024இல் புது நோட்டு வரும்வரை வெளியான நோட்டுகளில் இருந்த அந்தப் பூ எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான், ஜவுளி வியாபாரியான அடியேன் ஜப்பானிய மடக்குத் தட்டி ஓவியங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் கொஞ்சம் இம்மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மடக்குத் தட்டிக்கு அங்கே 'பியோபு' என்று பெயர். காற்றைத் தடுப்பது என்று பொருள். சீனத்திலிருந்து வந்த வழக்கம். நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுத் தட்டிகள் இன்றும் உள்ளன. ஆதியில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி விளிம்பு இருந்தது. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் காகிதக் கீல் பழக்கத்துக்கு வந்தபின், நடுவில் விளிம்பு குறுக்கிடாமல் ஆறு பலகையிலும் ஒரே காட்சியைத் தீட்ட வழி பிறந்தது. தங்க ரேக்கு ஒட்டிய பரப்பில், கல்லை அரைத்தெடுத்த வண்ணங்களால் நாரை, பைன் மரம், இலையுதிர்காலப் புல் என்று வரைந்தார்கள். வலமிருந்து இடமாகப் பார்த்துக்கொண்டு போனால் பருவங்கள் நகரும். இதையெல்லாம் வெறும் அலங்காரம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை.

நான் சொன்ன பூ, ஓகட்டா கோரின் (1658–1716) வரைந்த ஐரிஸ் பூக்கள். கோரின், கியோட்டோவில் 'கரிகனேயா' என்ற பெரிய ஜவுளிக் கடைக்காரரின் மகன். அப்பா விட்டுப்போன சொத்தைத் தாராளமாகச் செலவழித்துத் தீர்த்துவிட்டுப் பிழைப்புக்காகத் தூரிகை பிடித்தவர். ஆனால் கடையில் பார்த்துப் பழகிய கண் வீண்போகவில்லை. ஒன்று 5 அடி உயரம், 11 அடி நீளம் என இரண்டு தட்டிகள். தங்கப் பரப்பில் நீலப் பூவும் பச்சை இலையும் தவிர வேறொன்றுமில்லை. சில பூக்கூட்டங்கள் அச்சுத்தாள் வைத்து எடுத்ததுபோல அப்படியே திரும்ப வருகின்றன. அச்சுச் சேலையில் ஒரே அச்சை இடம் மாற்றிப் பதிப்போமே, அதே கைவேலை!

இந்தப் பூவுக்கு ஒரு கதை உண்டு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'இசே கதைகள்' என்ற நூலில் ஒருவன், தலைநகரில் தனக்கு இடமில்லை என்று நண்பர்களோடு கிழக்கே பிழைக்கப் புறப்படுகிறான். யட்சுஹாஷி என்னும் எட்டுப் பாலங்கள் உள்ள இடத்தில் கட்டுச்சோறு பிரிக்கிறார்கள். ஐரிஸ் பூத்திருக்கிறது. பூவின் பெயரிலுள்ள ஐந்து எழுத்தும் ஐந்து அடிகளின் முதலில் வரும்படி, ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்து ஒரு கவிதை சொல்கிறான். கேட்டவர்கள் அழுது, உலர்ந்த சோறு கண்ணீரில் நனைந்துவிடுகிறது.

கோரின் இந்தத் தட்டிகளில் பயணியையும் வரையவில்லை, பாலத்தையும் வரையவில்லை. பூ மட்டும்தான். கதை தெரிந்தவர்களுக்கு அது போதும்.

ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து சகாய் ஹோயிட்சு (1761–1828) என்பவர் வந்தார். பிரபு குலத்தில் பிறந்து பௌத்தத் துறவியானவர். கோரினை நேரில் கண்டவரல்லர். ஆயினும் அவரையே குருவாகக் கொண்டு, 1815இல் அவருடைய நூறாம் ஆண்டு நினைவைக் கொண்டாடினார். கோரின் வரைந்த காற்றுத்தேவன், இடித்தேவன் தட்டிகளின் பின்புறத்தில், வெள்ளி ரேக்கின்மேல் புல்பூண்டுகளைத் தீட்டினார். இடித்தேவனுக்குப் பின்னே மழையில் நனைந்து துவண்ட கோடைகாலச் செடிகள். காற்றுத்தேவனுக்குப் பின்னே காற்றில் சாய்ந்த இலையுதிர்காலக் கொடிகள். இந்தப் பக்கம் தேவர்களைக் காணோம். புல் அவர்களைச் சொல்லிவிடுகிறது. பிற்காலத்தில் பாதுகாப்புக் கருதி முன்னையும் பின்னையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அவை உள்ளன. இன்று புல்லை மட்டும் பார்ப்பவருக்கு, அது ஏன் சாய்ந்திருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐரிஸ் தட்டிகள் டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வசந்தத்தில், தோட்டத்தில் அதே பூ பூக்கும் சமயத்தில் அவற்றை வெளியே எடுத்து வைப்பார்கள். கதை சொல்ல ஆள் இருக்கும்வரை அது பிரிவின் பூ. ஆள் இல்லாமல் போனால் நோட்டில் அச்சான பூ, அவ்வளவுதான்.

நாமும் பிழைக்க ஊர் விட்டு வந்தவர்கள். நம் வாசற்கோலத்தையும் பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்தையும் பிள்ளைகள் தினம் தினம் பார்க்கிறார்களா, வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்களா என்பது பெரிதில்லை. பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை.