தேடாமல் கிடைத்த மூலக்கூறு

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குடும்பங்களில் எச்.எல்.ஏ. என்ற மூன்றெழுத்தைக் கேள்விப்படாதவர் இருக்கமாட்டார்கள். கொடுப்பவருடையதும் பெறுபவருடையதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். உடம்பின் செல்கள் தங்கள் மேற்பரப்பில் ஏந்தியிருக்கும் அடையாளப் புரதங்கள் அவை. விலங்குகளுக்கும் சேர்த்து அந்தக் குடும்பத்துக்கு எம்.எச்.சி. என்று பெயர். அதில் முதல் வகைக்கு வேலை ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்கள்: செல்லுக்குள் வைரஸ் நுழைந்துவிட்டால் அதன் துணுக்கை வெளியே எடுத்துக்காட்டி, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்லை வரவழைத்து, தன்னையே கொல்லச் செய்வது. டி செல் இப்படித்தான் ஆள் பார்க்கிறது என்று கண்டறிந்த பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு ஆண்டு கழித்து அதே புரதம் பூனையின் மூளையில் அகப்பட்டது. அந்த மூளையில் வைரஸ் இல்லை, நோய் இல்லை.

மூளையின் நரம்புச் செல்களான நியூரான்களில் எம்.எச்.சி. கிடையாது என்பதுதான் அப்போதைய பாடம். அதற்கு நியாயமான காரணமும் சொன்னார்கள். தோலில் நூறு செல் செத்தால் வேறு நூறு முளைக்கும். செத்த நியூரானுக்குப் பெரும்பாலும் மாற்று வருவதில்லை. வைரஸ் புகுந்தாலும் பரவாயில்லை, கொல்லாமல் வைத்துக்கொள்வதே மேல் என்று மூளை முடிவெடுத்திருக்கிறது என்றார்கள். அதற்கும் முன்பே, 1948இல், பீட்டர் மெடவார் முயலின் மூளைக்குள் வேற்று முயலின் தோலை ஒட்டிவைத்துப் பார்த்திருந்தார். மற்ற இடத்தில் உடனே நிராகரிக்கப்படும் தோல் அங்கே தாக்குப்பிடித்தது. மூளைக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்ற எண்ணம் அதிலிருந்து வேரூன்றிவிட்டது.

பூனையின் மூளையில் அதைக் கண்ட நரம்பியல் ஆய்வாளர் கார்லா ஷாட்ஸ் அதைத் தேடி வரவே இல்லை. அவர் ஹார்வர்டில் டேவிட் ஹூபலிடமும் டார்ஸ்டன் வீசலிடமும் படித்தவர். ஒரு கண்ணை மூடி வளர்த்த பூனைக்குட்டியின் மூளையில், திறந்திருந்த கண்ணின் இணைப்புகள் மூடிய கண்ணின் இடத்தையும் பிடித்துக்கொள்வதைக் காட்டியவர்கள் அவர்கள். ஷாட்ஸின் கேள்வி அதற்கும் முந்தைய கட்டத்தைப் பற்றியது. கண்ணே திறக்காத கருவில், இரு கண்களிலிருந்து வரும் நரம்பிழைகள் மூளையின் தாலமஸ் என்ற பகுதியில் முதலில் ஒன்றன்மேல் ஒன்று படர்கின்றன. பிறகு தனித்தனி அடுக்குகளாகப் பிரிகின்றன. வெளிச்சமே படாத கண்ணுக்கு எது அடையாளம் சொல்கிறது? விழித்திரை தானாகவே மின்னலைகளை எழுப்புகிறது, அந்த அலைகள்தான் இணைப்புகளைச் செதுக்குகின்றன என்ற விடை பல ஆய்வுக்கூடங்களின் வேலையில் திரண்டது. ஷாட்ஸும் மைக்கேல் ஸ்ட்ரைக்கரும் 1988இல் கருவிலிருந்த பூனைக்குட்டிகளின் மூளைக்குள் சிறு பம்ப் வழியாக டெட்ரோடோடாக்சினைச் செலுத்தினார்கள். பேத்தை மீனில் இருக்கிற அதே நஞ்சு. நியூரானின் மின்துடிப்பை அப்படியே அடக்கிவிடும். துடிப்பு அடங்கியதும் அடுக்குகள் பிரியவில்லை.

துடிப்பு எந்த மரபணுவைப் பிடித்து இந்த வேலையை வாங்குகிறது? அதுதான் அடுத்த கேள்வி. ஒரு மூலக்கூறைச் சந்தேகப்பட்டு அதை மட்டும் சோதிப்பது வழக்கமான வழி. ஷாட்ஸின் பெர்க்லி கூடத்தில் ராட்ரிக் காரிவோவும் ஜீன் ஹூவும் அப்படிச் செய்யவில்லை. துடிப்பு அடக்கிய மூளையையும் சாதாரண மூளையையும் பக்கத்தில் வைத்து, எந்த மரபணுவின் அளவு மாறுகிறதோ அது தானாகத் தலைகாட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்படி மாறியவற்றில் ஒன்று எம்.எச்.சி.யின் அந்த முதல் வகை. துடிப்பு நின்ற மூளையில் அது குறைந்திருந்தது. வலிப்பு வரவழைத்த மூளையில் கூடியிருந்தது. நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்று நரம்பின் துடிப்புக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது! பெயர் தெரிந்த மூலக்கூறை மட்டும் தேடியிருந்தால் பட்டியலில் கடைசியாகக்கூட இது வந்திருக்காது. ஆய்வுக்கு நிதி தரும் குழுக்களுக்கு ‘கருதுகோள் எங்கே’ என்று கேட்பதில் ஒரு பிரியம் உண்டு. இந்தக் கதையை அவர்கள் ஒருமுறை படிக்கலாம்.

1998இல் கட்டுரை வந்ததும் பலர் நம்பவில்லை. மரபணு அங்கே இருப்பது வேறு, அதற்கு அங்கே வேலை இருப்பது வேறு. வேலை இருக்கிறதா என்று பார்க்கத் தேவையான சுண்டெலிகள் ஏற்கெனவே நோய் எதிர்ப்பு ஆய்வாளர்களிடம் இருந்தன. எம்.எச்.சி. செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேரத் தேவையான மரபணுக்களை நீக்கி வளர்த்த எலிகள் அவை. அவற்றின் மூளையை இந்த நோக்கில் யாரும் பார்த்ததில்லை. 2000இல் வெளியான முடிவு: கண்ணிலிருந்து வரும் இழைகள் ஒழுங்காகப் பிரியவில்லை. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில், நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகளான சினாப்ஸ்கள் வழக்கத்தைவிட அதிகமாக வலுப்பெற்றன, ஆனால் வலுவிழக்கவே இல்லை. மூளையின் நெகிழ்திறனுக்குக் கூட்டுவதும் குறைப்பதும் இரண்டும் வேண்டும். குறைக்கும் பக்கம் எம்.எச்.சி.யின் கையில் இருந்தது.

2006இல் பிர்பி என்ற ஏற்பி அகப்பட்டது. எம்.எச்.சி.யோடு பிணையும் இதையும் நோய் எதிர்ப்புக்காரர்களுக்கு முன்பே தெரியும். பிர்பி செயல்படாத எலிகளில் ஒரு கண்ணை மூடினால், மற்ற கண்ணின் இணைப்புகள் மிக அதிகமாகப் பரவின. வளர்ந்த எலியிலும் அப்படியே. மூளையின் நெகிழ்வைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது இந்த ஏற்பி என்றாகிறது. பிள்ளைகளுக்குச் ‘சோம்பேறிக் கண்’ வந்தால், நன்றாகத் தெரியும் கண்ணை மூடிப் பயிற்சி கொடுக்கிறார்கள்; வயது ஏறஏறப் பலன் குறைகிறது. 2014இல் பிர்பியைத் தடுத்து, வளர்ந்த எலிகளின் பார்வைக் குறையை ஓரளவு மீட்டும் காட்டினார்கள். மனிதருக்கு அது மருந்தாகவில்லை.

இதற்கிடையே ஸ்டான்ஃபர்டில் பென் பாரஸின் கூடத்தில் வேறொரு தேடல் நடந்தது. நியூரான்களைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள், நியூரானிடம் எந்த மரபணுவைத் தூண்டுகின்றன என்று பார்த்தார்கள். இங்கேயும் பெயர் முன்கூட்டித் தெரியாத தேடல்தான். இங்கேயும் நோய் எதிர்ப்பு மூலக்கூறுதான் தலைகாட்டியது. சி1க்யூ: ரத்தத்தில் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, விழுங்கும் செல்களை அழைக்கும் காம்ப்ளிமென்ட் வரிசையின் முதல் புரதம். பெத் ஸ்டீவன்ஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வில் அது வளரும் மூளையின் சினாப்ஸ்களில் ஒட்டியிருந்தது. அது இல்லாத எலிகளில் கழியவேண்டிய இணைப்புகள் கழியாமல் நின்றன. சாலை விரிவாக்கத்துக்கு முன் ஓரத்துப் புளியமரங்களில் வெள்ளை வட்டம் போட்டு எண் எழுதிவிட்டுப் போவார்களே, அப்படி ஓர் அடையாளம். வெட்டுகிற ஆள் பிறகு வருவான். அந்த ஆள் மைக்ரோகிளியா என்பதை டோரதி ஷேஃபரும் ஸ்டீவன்ஸும் 2012இல் காட்டினார்கள். நூறாண்டுக்கு முன் ஸ்பெயினில் ரியோ ஒர்டேகா பெயரிட்டுவைத்த செல்கள் அவை. நெடுங்காலம், மூளைக்கு அடிபட்டால் துப்புரவு செய்பவை என்று மட்டுமே எண்ணப்பட்டவை. இதே போல, நியூரான் அல்லாத மூளைச் செல்களான கிளியல் செல்கள் வெளியிடும் டி.என்.எஃப். ஆல்ஃபா சினாப்ஸின் வலுவைக் கூட்டுகிறது என்பது 2002இலேயே தெரிந்துவிட்டது. அழற்சிக்குப் பேர்போன அந்த மூலக்கூறுக்கும் மூளையில் அன்றாட வேலை இருந்தது.

பிறகு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோயும் இந்தக் கதையில் வந்து சேர்ந்தது. வளரிளம் பருவத்தில் சினாப்ஸ் களையெடுப்பு அளவு மீறிப்போவதால் அந்நோய் வரலாம் என்று இர்வின் ஃபைன்பெர்க் 1982இல் எழுதியபோது கையில் நேரடி ஆதாரம் இல்லை. மரபணு ஆய்வுகளோ திரும்பத் திரும்ப ஆறாம் குரோமோசோமில் எம்.எச்.சி. வட்டாரத்தையே சுட்டின, அங்கே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் நெருக்கியடித்து இருப்பதால் குற்றவாளி எது என்று பிரிக்க முடியவில்லை. 2016இல் ஸ்டீவன் மெக்கரோலின் குழு ஏறக்குறைய 65,000 பேரின் தரவுகளை வைத்து, அங்கே குடியிருக்கும் சி4 மரபணுவைப் பிடித்தது. அதன் ‘ஏ’ வடிவம் மூளையில் எவ்வளவு கூடுதலாக உருவாகிறதோ அவ்வளவு நோய் ஆபத்து. சி4 என்பது சி1க்யூவுக்கு அடுத்த படியில் வேலை செய்யும் காம்ப்ளிமென்ட் புரதம். ஒருவருக்கு நோய் வருமா என்று சி4ஐ வைத்துச் சொல்லிவிட முடியாது. தனியாகப் பார்த்தால் அது ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகிறது.

எந்த சினாப்ஸ் கழியவேண்டும், எது பிழைக்கவேண்டும்? 2018இல் இதற்கு ஒரு பாதிப் பதில் வந்தது: சிடி47 என்ற ‘என்னை விழுங்காதே’ புரதம், அதிகம் துடிக்கும் இணைப்புகளில் கூடுதலாக இருக்கிறது. சிவப்பணுக்களை விழுங்கவிடாமல் காக்கும் புரதமாக அதுவும் முன்பே அறிமுகமானது. ஆனாலும் எல்லாக் கழிப்பும் ஒரே வழியில் நடக்கவில்லை. ஸ்டீவன்ஸின் கூடமே 2020இல் சி1க்யூ இல்லாத எலிகளில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தது. பிர்பி இல்லாதபோது தாறுமாறாகப் போன அதே சோதனையில், இந்த எலிகளின் பார்வைப் புறணி சாதாரண எலியைப் போலவே மாறியது. வளர்ச்சியின் தொடக்கத்தில் தாலமஸில் களையெடுக்கும் மூலக்கூறுக்கு, சற்றுப் பிந்தி அதே பார்வைப் பாதையின் அடுத்த நிலையத்தில் வேலை இல்லை.