வீட்டடமான ஏலமும் உள்ளூர் வழக்கறிஞரும்: அமெரிக்க வரலாறு

வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெற்றவர் தவணை கட்டத் தவறினால், கடன் கொடுத்த நிறுவனம் அவ்வீட்டை ஏலத்தில் விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்நடவடிக்கை அடமான மீட்புரிமை நீக்கம் எனப்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதனைப் பெரும்பாலும் மாநிலச் சட்டங்களே ஆள்கின்றன. நியூயார்க், புளோரிடா, மேய்ன் முதலிய மாநிலங்களில் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். கலிபோர்னியா, டெக்சாஸ், ஜார்ஜியா முதலிய மாநிலங்களில் வழக்கின்றி, அறிவிப்பு கொடுத்தே ஏலம் விடலாம். ஒரு மாநிலத்தில் வீட்டைக் காக்கும் வழி அடுத்த மாநிலத்தில் பயன்படாமல் போகலாம். வீடு இருக்கும் இடத்தின் சட்டத்தை அறிந்த வழக்கறிஞர் தேவைப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

மீட்புரிமையின் தோற்றம்

இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டப்படி, குறித்த நாளில் கடனைத் திருப்பாதவர் நிலத்தை முழுமையாக இழந்தார். ஒருநாள் தாமதம்கூடப் பொறுக்கப்படவில்லை. 17ஆம் நூற்றாண்டில் சான்சரி நீதிமன்றம் இக்கடுமையைத் தணித்தது. கெடு கடந்த பின்னும் அசலும் வட்டியும் செலுத்தி நிலத்தை மீட்கும் உரிமை கடனாளிக்குக் கிடைத்தது. ஆனால் இவ்வுரிமைக்கு முடிவே இல்லையென்றால் கடன் கொடுத்தவருக்கு நிலம் ஒருபோதும் உறுதிப்படாது. எனவே, ஒரு கால எல்லைக்குப் பின் மீட்புரிமையை நீக்கும் ஆணையையும் அதே நீதிமன்றம் வழங்கியது. அமெரிக்க மாநிலங்கள் இவ்விரண்டையும் ஏற்று, தத்தம் முறையில் மாற்றிக்கொண்டன.

பெருமந்தக் காலம்

1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் பண்ணையையும் இழந்தன. நடுமேற்கு மாநிலங்களில் உழவர்கள் ஏலக் களத்தில் திரண்டு, வெளியார் ஏலம் கேட்காதபடி தடுத்தனர். சில சென்ட்டுகளுக்குப் பொருளை எடுத்து உரியவரிடமே திருப்பிக் கொடுத்தனர். 1933 ஏப்ரலில் அயோவா மாநிலத்தின் லெ மார்ஸ் ஊரில் நீதிபதி சார்லஸ் பிராட்லியை ஒரு கூட்டம் நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று, கழுத்தில் கயிறு மாட்டி மிரட்டியது. மாநில ஆளுநர் அப்பகுதியில் இராணுவச் சட்டம் பிறப்பித்தார்.

அதே ஆண்டில் மினசோட்டா மாநிலம் அடமான ஒத்திவைப்புச் சட்டம் இயற்றியது. நியாயமான வாடகை செலுத்தி வந்தால் மீட்புக் காலத்தை நீதிமன்றம் நீட்டிக்கலாம் என அது கூறியது. மினியாபோலிஸ் வீடொன்று தொடர்பான பிளைஸ்டெல் வழக்கில், ஒப்பந்தத்தைக் குலைக்கும் சட்டம் இது என்று கடன் கொடுத்த சங்கம் வாதிட்டது. 1934இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது. நடுவண் அரசு 1933இல் நிறுவிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம், சுமார் 10 லட்சம் வீட்டுக் கடன்களை எளிய தவணைகளாக மாற்றிக் கொடுத்தது.

சட்ட உதவியின் இடைவெளி

குற்ற வழக்கில் வசதியற்றவருக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும் என்று 1963இல் கிதியோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடமான வழக்கு உரிமையியல் வழக்கு என்பதால் இவ்வுரிமை அதற்குப் பொருந்தாது. இக்குறையை ஓரளவு நிரப்ப 1974இல் சட்ட சேவைகள் கழகம் உருவாக்கப்பட்டது. அதன் நிதியுதவி பெறும் உள்ளூர் அமைப்புகள் வறியோருக்குக் கட்டணமின்றி வழக்கு நடத்துகின்றன. எனினும் வழக்குகளின் எண்ணிக்கைக்கு அவர்களின் ஆள்பலம் போதவில்லை.

2008 நெருக்கடி

2009, 2010 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள்மீது அடமான நடவடிக்கைகள் பதிவாயின. கடன்கள் கைமாறிக் கைமாறிப் பத்திரங்களாக விற்கப்பட்டிருந்ததால், ஒரு வீட்டின் கடன் உண்மையில் யாருக்கு உரியது என்பதே பல இடங்களில் தெளிவில்லை. வழக்கறிஞர் இல்லாத கடனாளிகள் இதைக் கேள்வி கேட்கவும் வழியறியவில்லை.

மேய்ன் மாநிலத்தில், முன்பு வங்கிகளுக்காக வாதாடி ஓய்வு பெற்ற தாமஸ் காக்ஸ் என்பவர் தன்னார்வமாக ஒரு கடனாளியின் வழக்கை எடுத்தார். 2010இல் அவர் நடத்திய விசாரணையில், ஜிஎம்ஏசி மார்ட்கேஜ் நிறுவனத்தின் ஊழியர் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான உறுதிமொழிப் பத்திரங்களில் அவற்றைச் சரிபார்க்காமலே கையெழுத்திட்டது வெளியானது. அவ்வாண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் 23 மாநிலங்களில் வெளியேற்றங்களை நிறுத்திவைத்தது. வேறு பெரிய வங்கிகளும் அவ்வாறே செய்தன. 2011 ஜனவரியில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், ஏல வேளையில் அடமானம் தம் பெயரில் இருந்ததை நிறுவாத வங்கிகளின் ஏலங்கள் செல்லாது என்றது. 2012இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களுடனும் நடுவண் அரசுடனும் சுமார் 2,500 கோடி டாலர் உடன்பாட்டுக்கு வந்தன.

மோசடிகளும் விதிகளும்

நெருக்கடியோடு, "வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம்" என்று முன்பணம் பறித்து மறையும் கும்பல்களும் பெருகின. நடுவண் வணிக ஆணையம் 2010இல் விதி வகுத்து, கடனாளி ஏற்கும் தீர்வு எழுத்தில் வரும்முன் கட்டணம் வாங்குவதைத் தடைசெய்தது. வழக்கறிஞருக்கு விலக்கு உண்டு. ஆனால் கடனாளியோ வீடோ உள்ள மாநிலத்தில் அவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். முன்பணத்தைக் கட்சிக்காரருக்கான தனிக் கணக்கில் வைக்க வேண்டும். 2014 முதல், பொதுவாகத் தவணை 120 நாட்களுக்கு மேல் தவறிய பின்னரே கடன் நிர்வாகி நடவடிக்கை தொடங்க முடியும்.

உள்ளூர் வழக்கறிஞரின் பணி

இவ்வழக்குகளில் காலமே பெரும் பகை. புளோரிடாவில் அழைப்பாணை பெற்ற 20 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். டெக்சாஸில் ஏலத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் அறிவிப்பு தரப்படும். ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடைபெறும். வழக்கறிஞர் கெடுவைக் கணக்கிட்டு, கடனின் உரிமையைச் சரிபார்த்து, தவணை மாற்றத்துக்குப் பேசி, தேவையானால் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயப்படி ஏலத்தை நிறுத்திவைக்கிறார். அவரைத் தேடுவோர் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவையையும், வட்டாரச் சட்ட உதவி அமைப்புகளையும், நடுவண் வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்களையும் நாடலாம். ஒருவரது உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை மாநிலப் பதிவேட்டில் பார்த்தறியலாம்.

சான்சரி நீதிமன்றம் கடனாளிக்குத் தந்தது கூடுதல் அவகாசம். அதன் பின் வந்த சட்டங்களும் பெரிதும் அதையே தந்துள்ளன. கேட்டுப் பெறாதவருக்கு அந்த அவகாசம் தானாகக் கிடைப்பதில்லை என்பதே மேய்ன் வழக்கு காட்டிய உண்மை.