மூக்கடைப்பும் மா ஹுவாங்கும்

மார்கழி பிறந்தால் ஊரெல்லாம் பஜனை. என் வீட்டில் தும்மல். ஒரு வருஷம், தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை எழுதி அனுப்பவேண்டிய சமயத்தில், மூக்கு அடியோடு அடைத்துக்கொண்டது. நண்பர் ஒருவர் சின்னச் சீசா ஒன்றைக் கொடுத்தார். இரண்டு சொட்டு விட்டேன்; சற்று நேரத்தில் மூச்சு தாராளமாக ஓடிற்று. சீசாவின் மேல் 'எபிட்ரின்' என்று போட்டிருந்தது. இந்தப் புண்ணியவான் யார் என்று விசாரிக்கப் புறப்பட்ட நான், சீன தேசத்தில் போய் நின்றேன்.

வடசீனத்தின் வறண்ட நிலங்களில், இலையே இல்லையோ என்று தோன்றும் ஒரு பச்சைத் தண்டுச் செடி வளர்கிறது. மா ஹுவாங் என்பது அதன் பெயர். தண்டைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் வியர்க்கும், இழுப்பு தணியும்; வேரைக் கொடுத்தால் வியர்வை நிற்கும் என்பது சீன வைத்தியர்களின் நெடுநாளைய அநுபவம்.

1885-இல் ஜப்பானிய ரசாயன நிபுணர் நாகாய் நாகயோஷி, அந்தச் செடியின் சத்தைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது மூச்சுத் திணறுபவர்களுக்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கண்மணியை விரிக்கும் மருந்து என்ற அளவில் நின்றுவிட்டது.

1923-இல், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய கே. கே. சென் என்ற சீன இளைஞர், பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சீன வைத்தியம் பார்த்துவந்த உறவினர் ஒருவரிடம், "வீரியமுள்ள மூலிகை எது?" என்று கேட்டார். முதலில் வந்த பெயர் மா ஹுவாங்! சென்னும், உடன் வேலை பார்த்த அமெரிக்கர் கார்ல் ஷ்மிட்டும், அதன் கஷாயத்தை மயக்கத்திலிருந்த ஒரு நாயின் ரத்தத்தில் செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. ஏறியது உடனே இறங்கவும் இல்லை. சென் சத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் நாகாய் முந்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அதனால் என்ன? அது என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் இவர்கள். அட்ரினலினைப் பெரும்பாலும் ஊசியாகத்தான் போடவேண்டும். அதன் பலனும் சிறிது நேரமே. இதையோ வாயால் விழுங்கலாம். மணிக்கணக்கில் வேலை செய்யும். 1926-இல் எலி லில்லி கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒவ்வாமையால் மூக்கின் உட்சவ்வில் ரத்தக் குழாய்கள் விரிந்து, சவ்வு வீங்கி, வழி அடைபடுகிறது. எபிட்ரின் அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அவ்வளவுதான், ஒவ்வாமையை அது தீர்ப்பதில்லை.

இந்த உண்மை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கதை முடிந்த பிறகும் சீசாவை விடவில்லை. இரண்டு சொட்டு நாலாயிற்று. மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்கு முன்னிலும் அதிகமாக அடைத்தது. டாக்டரிடம் போனேன். "ஸார், இப்போது உங்கள் வியாதியே இந்த மருந்துதான்" என்றார். சில நாட்களுக்கு மேல் இத்தகைய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே போனால் அப்படித்தான் ஆகுமாம். சீசாவை எறிந்துவிட்டு, இரண்டு வாரம் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு தவித்தேன்.

என் அசட்டுத்தனம் சிறியது. அமெரிக்காவில் உடம்பு இளைப்பதற்கென்று இதே செடியை மாத்திரையாக்கி விற்றார்கள். சிலர் உயிரே போயிற்று. 2004-இல் அந்த அரசாங்கம் தடை போட்டது.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்கிறோம். ஆனால் அந்தச் சீன உறவினரிடம் சென் கேட்டது சாதுவான மூலிகை அல்லவே; வீரியமுள்ள மூலிகை அல்லவா? எச்சரிக்கை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. சீசாவை மட்டும் வாங்கிக்கொண்ட நாம்தான் அதை மறந்துவிட்டோம்.