குகையில் பிறந்த வசவு

அகராதியைப் புரட்டுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அதிலும் பண்டிதர் சொற்களை விட்டுவிட்டுத் தெருச் சொற்களைத்தான் தேடுவேன். அப்படி அகப்பட்டது 'க்ராட்டி' என்ற பிரிட்டிஷ் கொச்சை. அழுக்கேறிய விடுதி அறை, பிசுக்குப் பிடித்த மேஜை, பார்த்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கும் எதற்கும் இந்த ஒரு சொல் போதும்.

1964-ல் வந்த பீட்டில்ஸ் படமான 'எ ஹார்ட் டேஸ் நைட்'தான் இதை ஊரெல்லாம் பரப்பியது. ஒரு தொலைக்காட்சிக்காரர், ஆள் தெரியாமல் ஜார்ஜ் ஹாரிஸனிடம் புது மோஸ்தர்ச் சட்டைகளைக் காட்டுகிறார். ஹாரிஸன் அவற்றை 'க்ராட்டி' என்று ஒதுக்கி, 'க்ரொடெஸ்க்' என்பதன் சுருக்கம் என்று வியாக்கியானமும் செய்கிறார். உடனே அந்தப் பெரிய மனிதர் சொல்லைக் குறித்துக்கொள்ள உத்தரவிடுகிறார்! வசனம் அலன் ஓவன் எழுதியது. சொல்லும்போதெல்லாம் ஹாரிஸன் கூச்சத்தால் குறுகிப் போனார் என்று ஜான் லென்னான் பிற்பாடு சொன்னார்.

க்ரொடெஸ்க் என்றால் விகாரம். அந்த விகாரத்தின் பூர்வோத்திரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் கஷ்டப்பட்டது.

கி.பி. 64-ல் ரோமாபுரி எரிந்தது. எரிந்த இடத்தில் நீரோ தனக்கொரு பொன் மாளிகை கட்டிக்கொண்டான். பின்னால் வந்த சக்கரவர்த்திகள் அதை மண்ணால் நிரப்பி, மேலே குளிப்பு மண்டபம் எழுப்பினார்கள். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு பொந்து தென்பட்டது. குகை என்று நினைத்துக் கயிற்றில் தொங்கி இறங்கிய சித்திரக்காரர்கள், தீவட்டி வெளிச்சத்தில் திகைத்துப் போனார்கள். கொடியிலிருந்து மனித உடல் முளைக்கிறது. பாதி பெண், பாதி மிருகம். எல்லாம் நூலிழை போன்ற கோடுகள்! ராபேல் அந்தப் பாணியைப் போப்பாண்டவர் அரண்மனைத் தாழ்வாரத்திலேயே தீட்ட வைத்தார். இத்தாலியில் 'க்ரொட்டா' என்றால் குகை. குகைச் சித்திரம் 'க்ரொட்டெஸ்கா'. அன்று அது ரசிகர்களின் சொல்.

அந்தச் சொல் தேசம் விட்டுத் தேசம் போய் 'விசித்திரம்' ஆயிற்று; பிறகு 'விகாரம்'; கடைசியில் பிசுக்கு மேஜை. 'ஸ்டிங்க்' கதையும் இதுதான். பழைய ஆங்கிலத்தில் பூவின் வாசனைக்கும் அது பொருந்தியது. நம் 'நாற்றம்' பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. அருவருப்புக்கென்று யாரும் புதுச் சொல் வார்ப்பதில்லை. நல்ல சொல்லாகப் பார்த்துச் சேற்றில் தோய்க்கிறார்கள்.

கயிற்றில் இறங்கியவர்கள் அந்த மாளிகையின் விதானத்தில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போனார்கள். அவை இன்னும் அங்கே இருக்கின்றன.