ஒன் பிஹாஃப் ஒஃப்: யார் பக்கத்தில் நின்று பேசுகிறோம்?



போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 'ஒன் பிஹாஃப் ஒஃப்' என்பதை வைத்து ஒரு வசனம் எழுதச் சொன்னேன். ஒரு மகன் எழுதியிருந்தது இதுதான்: "தங்கச்சியின் சார்பில் அவளுடைய வட்டிலாப்பத்தை நான் சாப்பிட்டேன்."

வகுப்பே சிரித்தது. நானும்தான். ஆனால் பிழை சின்னதில்லை. அவன் சொல்ல வந்தது 'இன்ஸ்டெட் ஒஃப்', அதாவது பதிலாக. பதிலாக என்றால் மற்றவரின் இடத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். சார்பில் என்றால் இடம் அவருடையதுதான், நாம் பக்கத்தில் நின்று அவருக்காகச் செய்கிறோம்.

இது நான் சோடித்த விளக்கமல்ல. பழைய ஆங்கிலத்தில் 'ஹாஃப்' என்ற சொல்லுக்குப் பாதி என்பதோடு பக்கம் என்ற பொருளும் இருந்தது. ஒருவரின் பக்கத்தில் என்பதை 'பை' சேர்த்தும் சொன்னார்கள், 'ஒன்' சேர்த்தும் சொன்னார்கள். 1300 அளவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால்தான் இந்தச் சின்னத் தொடருக்குள் ஒரே வேலைக்கு இரண்டு முன்னிடைச்சொற்கள் இருக்கின்றன. பிஹாஃபில் உள்ள 'பி' அந்தப் பழைய 'பை'தான். நமது 'சார்பு' கூட சார்தல் என்பதிலிருந்து வந்ததுதானே.

பக்கத்தில் நிற்பவர் நம்மைக் கேட்டுத்தான் நிற்கிறாரா என்பது வேறு விஷயம். அதை நமது சமூகம் சட்டநிரூபண சபையில் அனுபவித்திருக்கிறது. 1833 சீர்திருத்தத்தில் உருவான அந்தச் சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆறு பேர். ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். சோனகருக்கு ஆசனமே இல்லை. தமிழ் பேசுகிறோம் என்பதால் தமிழ் உறுப்பினரே நமக்கும் சேர்த்து என்று கணக்கு.

1885 இல் பொன்னம்பலம் இராமநாதன் அதே சபையில் சோனகரும் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1888 இல் அதை ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஆய்வுரையாகவும் வாசித்தார். அவர் பெரிய அறிஞர், அதில் மறுப்பில்லை. ஆனால் நாம் யார் என்பதை நம்மைக் கேட்காமலே நமது சார்பில் சொன்னார். 1889 இல் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்து எம்.ஸீ. அப்துல் ரஹ்மான் அமர்ந்தார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனின் கட்டுரைக்கு ஒரு நூலாகவே மறுப்பு எழுதினார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். பின்வரிசையிலிருந்து ஒரு மகள் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், ராத்தாட நிகாஹ்ல வாப்பா சைன் வெச்சார். ராத்தா வெக்கல்ல. அதுவும் ஒன் பிஹாஃப் ஒஃப் தானா?"

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனின் ஒப்பத்தையும் வலியின் ஒப்பத்தையும் கேட்கிறது. மணமகளின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. வலி வேண்டாமென்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து கொமண்டில் அந்தச் சண்டையைத் தொடங்க வேண்டாம். மகளின் பக்கத்தில் வாப்பா நிற்பது அழகான விஷயம். ஆனால் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் நடுவில் மகளும் நிற்க வேண்டுமல்லவா? அவளுடைய ஒப்பத்துக்கும் ஒரு கோடு போட்டுவைத்தால் வலிக்கு என்ன குறைந்துவிடும்? நமக்கு ஆசனம் இல்லாத காலத்தைச் சொல்லிக் கோபப்படும் நாம், இதை மட்டும் ஏன் சாதாரணமாகக் கடந்துபோகிறோம்?

அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நாளைக்குச் சொல்றன் மகள்" என்றேன்.

வீட்டுக்கு வந்து என்னுடைய விவாகப் பதிவின் பிரதியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடங்களில் இப்போதுதான் ஒழுங்காக வாசிக்கிறேன். என் பெயர் இருக்கிறது. ஒப்பம் வாப்பாவுடையது.