விமானிப் பயிற்சி: இலவசக் கருத்தரங்கா, கட்டணப் படிப்பா?



பிளஸ் டூ முடிவுகள் வரும் காலத்தில் புதுச்சேரி, சென்னை போன்ற ஊர்களில் விமானிப் படிப்பு பற்றிய இலவசக் கருத்தரங்குகளுக்கு நம் பிள்ளைகளும் போகிறார்கள். அங்கே முன்பணம் கேட்கும்போதுதான் பெற்றோருக்குக் கலக்கம். மழை பிடித்தால் உப்பள வேலை நின்றுவிடும் மரக்காணம் கரையோரத்தில், முன்பணம் என்றால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரமும் நகையும்தான். அதனால் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

கருத்தரங்கில் கிடைப்பது

தகுதி, தேர்வு, செலவு பற்றிய அறிமுகம் கிடைக்கும். அது பயனுள்ளதே. ஆனால் பல கருத்தரங்குகளை நடத்துவது மாணவர் சேர்க்கை தேடும் நிறுவனங்களே. அடிப்படை விதிகள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) இணையதளத்தில் இலவசமாகவே உள்ளன. போய்க் கேட்டு வாருங்கள். அன்றே பணம் கட்டாதீர்கள்.

கட்டணத்தில் கிடைக்க வேண்டியது

வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். இதை எந்தக் கருத்தரங்கும் தராது. இந்தியாவில் டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பறக்கும் பயிற்சிப் பள்ளியில்தான் கிடைக்கும். உரிமம் வரை பொதுவாக 40 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும்.

பி.பி.ஏ. ஏவியேஷன், ஏர்போர்ட் மேனேஜ்மென்ட் போன்ற படிப்புகள் வேறு வேலைகளுக்கு உதவலாம். அவற்றால் மட்டும் விமானி உரிமம் கிடைக்காது.

செய்ய வேண்டிய வரிசை

1. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் என்.ஐ.ஓ.எஸ். மூலம் எழுதலாம்.
2. பெரிய பணம் கட்டுமுன் மருத்துவச் சான்று பெறுங்கள். முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு.
3. வழிகாட்டல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளை முடியுங்கள். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும்.
4. பள்ளியின் பெயர் டிஜிசிஏ பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் முதல் வெளியாகும் தரவரிசையையும் பாருங்கள்.
5. எத்தனை விமானங்கள் இயங்குகின்றன, மாதம் எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று அங்கே படிப்பவர்களிடம் கேளுங்கள்.
6. தவணையாகக் கட்டுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

உரிமத்துக்குப் பின்னும் செலவு உண்டு

ஹைதராபாத்தில் பேக்கரித் தொழிலாளியின் மகளான சகோதரி சையதா சல்வா ஃபாத்திமா, 'சியாசத்' நாளிதழ் ஆசிரியரின் உதவியோடு பயிற்சி பெற்று 2013-இல் உரிமம் பெற்றார். ஆனால் பெரிய விமானங்களை ஓட்டத் தேவையான அடுத்தகட்டப் பயிற்சிக்கு மேலும் பல லட்சங்கள் தேவைப்பட்டன. தெலங்கானா அரசு உதவிய பிறகே அது முடிந்தது. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

வங்கிக் கல்விக் கடன் வட்டியோடுதான் வரும். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் (டாம்கோ) கடனிலும், குறைவானாலும், வட்டி உண்டு. எனவே கையெழுத்திடுமுன் ஆலிம்களிடம் கேளுங்கள். ஜமாஅத், பைத்துல்மால் வழியாக வட்டியில்லா உதவி கிடைக்குமா என்றும் பாருங்கள்.

சுருக்கமாக: தகவலுக்குப் பணம் வேண்டாம்; அங்கீகாரமுள்ள பறக்கும் நேரத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் கரையோரப் பிள்ளைகளும் விமானிகளாக வர துஆ செய்வோம்.